அரைத்த மாவை அரைக்கும் வீரர்கள்

ராத்திரி மணி பன்னிரண்டு அடித்த பிறகு உங்கள் வீட்டில் யாராவது மரம் வெட்டுகிறார்களா?

"இதென்ன கேள்வி? நாங்கள் குடியிருப்பது மூன்றாவது மாடி. இங்கே மரமும் கிடையாது, கோடரியும் கிடையாது" என்பீர்கள். சற்றுப் பொறுங்கள். பிள்ளையாண்டானின் அறைக் கதவை மெதுவாகத் திறந்து பாருங்கள். விளக்கு அணைந்திருக்கிறது, முகத்தில் மட்டும் நீல வெளிச்சம் அடிக்கிறது. திரையிலே ஒரு குட்டி மனிதன் மரத்தடியில் நின்றுகொண்டு, 'டொக், டொக்' என்று வெட்டிக்கொண்டிருக்கிறான். மரம் தீர்ந்ததும் அடுத்த மரத்துக்குப் போகிறான். மறுபடியும் 'டொக், டொக்'!

"ஏண்டா கண்ணா, இன்னும் தூங்கவில்லையா?"

"இதோ ஆச்சு அம்மா! இன்னும் அஞ்சே நிமிஷம். ஒரு லெவல் ஏறிட்டு வந்துடறேன்."

அந்த ஐந்து நிமிஷத்துக்கு எத்தனை மாதம் என்று தெரிந்துகொள்ள உங்களுக்கு ஆசையாக இருந்தால், மேலே படியுங்கள்.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். கைபேசியில் பணம் வைத்து ஆடும் ரம்மி முதலிய ஆட்டங்களைப் பற்றி நான் எழுத வரவில்லை. அவற்றைத் தடுக்க 2025 ஆகஸ்டில் நம் பாராளுமன்றத்தில் ஒரு சட்டமே நிறைவேறியது. இது வேறு ஜாதி. இதில் பந்தயம் இல்லை, சூது இல்லை. ஒருவர் ஏதாவது ஒரு வேஷம் போட்டுக்கொள்கிறார்: வீரன், மந்திரவாதி, வேடன், வைத்தியன். அதே நேரத்தில் உலகத்தின் பல மூலைகளிலிருந்து ஆயிரக்கணக்கான பேர் தத்தம் வேஷத்துடன் அதே கற்பனை ராஜ்யத்துக்குள் வருகிறார்கள். பூதங்களோடு சண்டை போடலாம், வியாபாரம் செய்யலாம், சிநேகிதம் பிடிக்கலாம். கேட்பதற்கு ரொம்ப அழகாகத்தான் இருக்கிறது, இல்லையா?

சங்கடம் எங்கே என்றால், இதற்கு முடிவு கிடையாது. பல்லாங்குழியில் காய் தீர்ந்தால் ஆட்டம் தீர்ந்தது. பரமபதத்தில் கடைசிக் கட்டத்தை எட்டினால் எழுந்து போய்ச் சாப்பிடலாம். இந்த ராஜ்யமோ நாம் தூங்கும்போதும் நடந்துகொண்டே இருக்கிறது. முடிவில்லாத ஓர் ஆட்டத்தில் ஜனங்களை எப்படி நிறுத்திவைப்பது? அதற்குத்தான் படிகள். ஒரு படி ஏறினால் அடுத்த படி தெரியும். அதற்குச் செய்ததையே திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும்.

இப்படிச் செய்வதற்கு ஆடுகிறவர்களே வைத்திருக்கும் பெயர் 'கிரைண்டிங்'. அதாவது அரைப்பது! அரைத்த மாவையே அரைக்கிறான் என்று நம் பாட்டிமார் சொல்வார்களே, அதேதான். ஒரு வித்தியாசம்: ஆட்டுக்கல்லில் அரைத்தால் மறுநாள் காலையில் இட்லியாவது கிடைக்கும்.

பாதி வழி எங்கே?

உதாரணத்துக்கு ஒரே ஒரு விளையாட்டை எடுத்துக்கொள்வோம். அதன் பெயர் 'ரூன்ஸ்கேப்'. இங்கிலாந்தில் ஆண்ட்ரூ கோவர் என்ற இளைஞர், தம் சகோதரர் பாலின் துணையோடு உருவாக்கியது. 2001 ஜனவரியில் வெளிவந்தது. கேம்பிரிட்ஜிலுள்ள ஜாகெக்ஸ் என்ற கம்பெனி அதை நடத்துகிறது. நடுவில் ஆட்டத்தை எவ்வளவோ மாற்றி நாகரிகப்படுத்தினார்கள். ஆனால் ஜனங்களுக்குப் பழையதே பிடித்திருந்தது. 2013-ல் வாக்கெடுப்பு நடத்தி, 2007-ஆம் வருஷத்து ரூபத்திலேயே திரும்பவும் கொண்டுவந்தார்கள். "பழையபடியே எங்களைக் கஷ்டப்படுத்துங்கள்" என்று ஓட்டுப் போட்டுக் கேட்டு வாங்கிய ஜனங்களை வேறெங்கே பார்க்க முடியும்!

இந்த ஆட்டத்தில் இருபதுக்கு மேற்பட்ட கைத்தொழில்கள் இருக்கின்றன. மரம் வெட்டுதல், மீன் பிடித்தல், சுரங்கம் தோண்டுதல், சமையல், ஏன், அடுப்பு மூட்டுவதுகூட ஒரு தொழில்! ஒவ்வொன்றிலும் 99 படிகள். வேலை செய்யச் செய்யப் புள்ளி சேரும். புள்ளி சேரச் சேரப் படி ஏறலாம்.

இரண்டாவது படிக்கு ஏற 83 புள்ளி போதும். சில நிமிஷ வேலை. பையன் குஷியாகிவிடுகிறான். பத்தாவது படிக்கு மொத்தம் 1,154 புள்ளி. அதுவும் பிரமாதமில்லை. ஐம்பதாவது படிக்கு 1,01,333. "பாதி தூரம் வந்துவிட்டேன்!" என்று அவன் மார்தட்டிக்கொள்கிறான். ஆனால் 99-ஆவது படிக்கு எவ்வளவு தெரியுமா? 1,30,34,431 புள்ளி! ஆக, ஐம்பதாவது படியில் நிற்பவன் நூற்றில் ஒரு பங்கு வழியைக்கூடக் கடக்கவில்லை.

அப்படியானால் உண்மையான பாதி வழி எங்கே இருக்கிறது? 92-ஆவது படியில்! அதை எட்ட 65,17,253 புள்ளி. மீதி ஏழே ஏழு படிகளுக்கு, முதல் 92 படிகளுக்குப் பட்ட பாடு அவ்வளவையும் இன்னொரு தடவை பட வேண்டும். முதலில் அள்ளி அள்ளிக் கொடுத்துவிட்டு, பிறகு கையை இறுக்கிக்கொள்ளும் இந்த வித்தையை யார் சொல்லிக் கொடுத்தார்களோ!

புள்ளி, லட்சம் என்றெல்லாம் சொன்னால் நமக்கு ஒட்டாது. சமையலில் சொல்கிறேன். இந்த ஆட்டத்தில் ஒரு சிங்கி இறாலைப் பக்குவமாகச் சமைத்தால் 120 புள்ளி. கருகிப் போனால் ஒன்றும் கிடையாது. நாற்பதாவது படியில் சிங்கி இறால் சமைக்க ஆரம்பித்து, அதையே சமைத்து 99-ஐ எட்ட வேண்டுமானால் ஏறத்தாழ 1,08,300 சிங்கி இறால் சமைக்க வேண்டும்! நம் வீட்டு அடுப்பில் தினம் பத்து வீதம் சமைத்தால், இதை முடிக்க முப்பது வருஷம் ஆகும்.

மரம் வெட்டுகிற கணக்கையும் பார்த்துவிடலாம். யூ என்றொரு மரம். அதை வெட்ட அறுபதாவது படியை எட்டியிருக்க வேண்டும். ஒரு கட்டைக்கு 175 புள்ளி. அங்கிருந்து 99-க்குப் போக 72,900 கட்டைகளுக்கு மேல் வெட்டியாக வேண்டும். மணிக்கு 250 கட்டை என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும் 290 மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. தினம் மூன்று மணி நேரம் வீதம் வெட்டினால் மூன்று மாதம். இது இருபதுக்கு மேற்பட்ட தொழில்களில் ஒன்றே ஒன்றுக்கு! இதைவிட வேகமான வழிகளும் உண்டுதான். ஆனால் வேகமான வழியும் வழிதானே, நடந்தாக வேண்டுமே!

இவ்வளவும் செய்து 99-ஐ எட்டியவருக்கு என்ன மரியாதை? முதுகில் தொங்கவிட்டுக்கொள்ள ஒரு அழகான மேலங்கி. இனாமாக அல்ல! அந்த ராஜ்யத்துக் காசில் 99,000 எண்ணிக் கொடுத்து வாங்கிக்கொள்ள வேண்டும்.

பேயும் சாட்டையும்

படிக்கணக்காவது பரவாயில்லை, கடைசியில் ஒரு நாள் தீரும். இன்னொன்று இருக்கிறது. அது தீருமா, தீராதா என்பதே யாருக்கும் தெரியாது.

அதே ரூன்ஸ்கேப்பில் பாதாளப் பேய் ஒன்று உண்டு. அதைக் கொன்றால் சில சமயம் ஓர் அபூர்வமான சாட்டை கிடைக்கும். எத்தனை தடவைக்கு ஒரு தடவை? 512-க்கு ஒன்று. "சரி, 512 பேயைக் கொன்றுவிட்டால் சாட்டை நிச்சயம்" என்று நினைக்காதீர்கள். ஒவ்வொரு பேயும் புதுச் சீட்டு. முந்தின பேய்கள் செத்தது இந்தப் பேய்க்குத் தெரியாது. கணக்குப் போட்டுப் பார்த்தால், 512 பேயைக் கொன்ற நூறு பேரில் சுமார் 37 பேர் வெறுங்கையோடுதான் நிற்பார்கள். 1,024 பேயைக் கொன்ற பிறகும் 13 பேருக்குக் கிடைத்திருக்காது. 1,536-க்குப் பிறகும் ஐந்து பேர் பெருமூச்சு விட்டுக்கொண்டிருப்பார்கள்.

இத்தனைக்குப் பிறகும் அந்த ஐந்து பேர் ஏன் எழுந்து போவதில்லை? அமெரிக்க மனோதத்துவ அறிஞர் பி. எஃப். ஸ்கின்னர், சார்லஸ் ஃபெர்ஸ்டர் என்பவருடன் சேர்ந்து புறாக்களை வைத்து இதை ஆராய்ந்து, 1957-ல் ஒரு பெரிய புத்தகமே வெளியிட்டார். ஒரு பொத்தானைக் கொத்தினால் தீனி விழும்படி செய்து, எத்தனை கொத்துக்கு ஒரு தடவை விழும் என்பதை மட்டும் மாற்றிக்கொண்டே இருந்தால், புறா சளைக்காமல் கொத்துகிறது. தீனியை நிறுத்திவிட்டாலும் வெகு நேரம் விடாமல் கொத்துகிறது. "அடுத்த கொத்தில் விழுந்துவிட்டால்?" என்ற நினைப்புதான். நம் பையனும் அதையேதான் சொல்கிறான்: "இன்னும் ஒரே ஒரு பேய் அம்மா!"

கூலி எவ்வளவு?

"விளையாட்டுக்குக் கணக்குப் பார்க்கலாமா? சந்தோஷத்துக்கு விலை உண்டா?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் ஒரு பொருளாதார ஆசிரியர் கணக்குப் பார்த்தே விட்டார்!

அமெரிக்காவில் 1999 மார்ச்சில் 'எவர்குவெஸ்ட்' என்ற ஆட்டம் வெளிவந்தது. அதில் இறந்து போனால் சேர்த்து வைத்த புள்ளியிலும் ஒரு பங்கு போய்விடும்; சில சமயம் ஏறிய படியிலிருந்தே இறங்கிவிடுவார்கள். போதாக்குறைக்கு, உடைமைகள் எல்லாம் விழுந்த இடத்தில் பிணத்தோடு கிடக்கும். வெறுங்கையோடு திரும்பிப் போய்த் தம் பிணத்தைத் தாமே தேடி எடுத்துக்கொள்ள வேண்டும்! எட்வர்டு காஸ்ட்ரோனோவா என்ற பொருளாதார ஆசிரியர் 2001-ல் இந்த ராஜ்யத்தை ஆராய்ந்தார். அங்கே சேரும் பொருள்களை ஜனங்கள் ஏலத்தில் அசல் டாலருக்கு விற்றுக்கொண்டிருந்தார்கள். அந்த விலையை வைத்து, ஒரு மணி நேரம் ஆடுகிறவர் சம்பாதிப்பது எவ்வளவு என்று பார்த்தார். 3 டாலர் 42 சென்ட் என்று வந்தது. அப்போது அமெரிக்கச் சட்டப்படி ஒரு தொழிலாளிக்குக் கொடுக்க வேண்டிய குறைந்தபட்சக் கூலியே மணிக்கு 5 டாலர் 15 சென்ட்! அந்தக் குறைந்த கூலியைக்கூடப் பெரும்பாலோர் வாங்குவதில்லை. விற்காமல் ஆடுகிறவர்கள்தானே அதிகம்?

விற்றுப் பிழைத்தவர்களும் இல்லாமல் இல்லை. தென் அமெரிக்காவில் வெனிசுவேலா தேசத்தின் நாணயம் சீரழிந்து, மாதச் சம்பளத்தில் மளிகை வாங்க முடியாமல் போன நாட்களில், 2017 வாக்கில், அங்கே பல இளைஞர்கள் ரூன்ஸ்கேப்பில் பச்சை டிராகன்களைக் கொன்று, கிடைத்ததை வெளிநாட்டாருக்கு விற்றுக் குடும்பத்துக்கு அரிசி பருப்பு வாங்கினார்கள். ஒருவருக்கு வயிற்றுப் பிழைப்பு, இன்னொருவருக்குப் பொழுதுபோக்கு. இருவரும் செய்தது ஒரே வேலை! எது வேலை, எது விளையாட்டு என்று திரையைப் பார்த்துச் சொல்லிவிட முடியாது.

இந்த வேலைக்கு மனிதன்தான் வேண்டும் என்பதுகூட இல்லை. இயந்திர மூளையை விட்டு மரம் வெட்டச் சொல்லிவிட்டுத் தூங்கப் போகிறவர்கள் ஏராளம். 2011 அக்டோபரில் ஜாகெக்ஸ் கம்பெனி அப்படிப்பட்ட போலி ஆட்டக்காரர்களைக் களையெடுத்தது. ஒரே நாளில் 15 லட்சம் பேரை வெளியே தள்ளியதாக அறிவித்தது! தென் கொரியாவிலோ இன்னும் ஒரு படி மேலே போய்விட்டார்கள். 2016 டிசம்பரில் அங்கே வந்த 'லினியேஜ் 2 ரெவல்யூஷன்' என்ற கைபேசி ஆட்டத்தில் ஒரு பொத்தானைத் தட்டிவிட்டால் போதும். வீரன் தானே நடப்பான், தானே சண்டை போடுவான். நாம் பார்த்துக்கொண்டிருக்கலாம். விளையாட்டைத் தானே விளையாடிக்கொள்ளச் சொல்லிவிட்டு நாம் காவல் இருக்கிறோம் என்றால், அந்த வேலையில் எவ்வளவு ருசி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

தொட்டி நிரம்புகிறது!

"எங்கள் வீட்டில் பிள்ளை இல்லை, பெண்தான். அவளுக்கு இந்தச் சண்டையெல்லாம் பிடிக்காது" என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். 2020 செப்டம்பரில் சீனாவிலிருந்து 'கென்ஷின் இம்பாக்ட்' என்ற ஆட்டம் வந்தது. சித்திரம் கண்ணைப் பறிக்கும். சங்கீதம் காதுக்கு இதம். பெண்களும் விரும்பி ஆடுகிறார்கள். இதில் அரைக்கும் வேலையைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் செய்யலாம். அதற்கு 'ரெஸின்' என்றொரு சரக்கு வேண்டும். அது எட்டு நிமிஷத்துக்கு ஒன்று வீதம் தானாக ஊறும். 2024-ல் அதன் உச்ச அளவை 200 ஆக்கினார்கள். கணக்குப் பார்த்தால் 26 மணி 40 நிமிஷத்தில் நிரம்பிவிடுகிறது. அதற்கு மேல் ஊறாது.

மாடியில் தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிகிறது என்றால் நமக்கு எப்படி இருக்கும்? செய்கிற காரியத்தைப் போட்டுவிட்டு மோட்டாரை நிறுத்த ஓடுகிறோம் அல்லவா? அதே பதைப்புத்தான். கல்யாண வீடானாலும் சரி, பரீட்சைக் காலமானாலும் சரி, தினம் ஒரு தடவை உள்ளே போய்ச் செலவழித்துவிட்டு வரவேண்டும், இல்லாவிட்டால் "நஷ்டம்"! ஆடுவதில் உள்ள இன்பத்தைவிட, ஆடாமல் இருப்பதில் உள்ள பயம் பெரிதாகிவிடுகிறது.

பக்கத்து அறையில் இருக்கிறார்

இப்போது வீட்டுக்கு வருவோம். ஆட்டக்காரர்களை வருஷக்கணக்கில் ஆராய்ந்த நிக் யீ என்ற ஆராய்ச்சியாளர், இம்மாதிரி ஆட்டம் ஆடுகிறவர்கள் சராசரியாக வாரத்துக்கு இருபது மணி நேரத்துக்கு மேல் அதில் செலவழிப்பதைக் கண்டார். அவர்களில் பெரும்பாலோர் பள்ளிச் சிறுவர்களும் அல்ல. வேலைக்குப் போகிறவர்கள், கல்யாணமானவர்கள், குழந்தை குட்டிக்காரர்கள் என்று பலரும் அவர்களில் உண்டு.

எவர்குவெஸ்ட் வந்த சில வருஷங்களுக்குள் அமெரிக்காவில் ஆட்டக்காரர்களின் மனைவிமார் சேர்ந்து, ஒருவருக்கொருவர் ஆறுதல் சொல்லிக்கொள்ள ஒரு குழு வைத்தார்கள். அதற்கு என்ன பெயர் வைத்தார்கள் தெரியுமா? 'எவர்குவெஸ்ட் விதவைகள்'! நம் காதுக்கு எவ்வளவு அமங்கலமாகக் கேட்கிறது! புருஷன் கல்லுக்குண்டு மாதிரி பக்கத்து அறையில் உட்கார்ந்திருக்கிறான். ஆனாலும் அந்தப் பெண்களுக்கு வேறு வார்த்தை கிடைக்கவில்லை.

இவர்களெல்லாம் சோம்பேறிகளா, பொறுப்பற்றவர்களா? இல்லை. இதுதான் நாம் முக்கியமாகப் புரிந்துகொள்ள வேண்டியது. சோம்பேறியால் 72,900 கட்டை வெட்ட முடியுமா? இரண்டு நாளில் அலுத்துப் போய்க் கைபேசியைத் தூக்கிப் போட்டுவிடுவான். இந்த வலையில் நன்றாக மாட்டிக்கொள்கிறவன் உழைப்பாளி. எடுத்த காரியத்தை முடிக்காமல் விடமாட்டேன் என்கிறவன். எந்தக் குணத்தால் அவன் ஒரு பரீட்சையில் முதலாவதாக வரலாமோ, ஒரு வாத்தியம் கற்றுக்கொள்ளலாமோ, அந்தக் குணத்தையே இது எடுத்துக்கொண்டுவிடுகிறது.

ஏன் எடுத்துக்கொள்ள முடிகிறது? அசல் வாழ்க்கையில் உழைப்புக்கும் பலனுக்கும் நடுவே தூரம் அதிகம். ராப்பகலாகப் படித்தாலும் மார்க் வருமோ வராதோ. ஆபீஸில் மாடாய் உழைத்தாலும் உத்தியோக உயர்வு பக்கத்து நாற்காலிக்காரருக்குப் போகும். அந்த ராஜ்யத்திலோ கட்டைக்கு 175 புள்ளி. ஒரு புள்ளி குறையாது! எத்தனையாவது படியில் இருக்கிறோம் என்பது எப்போதும் கண்ணெதிரே எழுதியிருக்கும். நீங்களே சொல்லுங்கள்: இருபது முப்பது வருஷமாகச் சமைக்கிறீர்களே, "நீ சமையலில் 97-ஆவது படிக்கு ஏறிவிட்டாய்!" என்று யாராவது ஒரு நாள் கொட்டு முழக்கிச் சொன்னதுண்டா? அப்படிச் சொல்லும் இடம் ஒன்று இருந்தால் நாமும் எட்டிப் பார்க்கத்தான் ஆசைப்படுவோம்.

ஆனால் அந்த 97-ஐ ராஜ்யத்துக்கு வெளியே கொண்டுவர முடியாது. ஒரு லட்சம் சிங்கி இறால் சமைத்தவனுக்கு வெந்நீர் வைக்கத் தெரியாமல் இருக்கலாம். சேர்த்ததெல்லாம் கம்பெனியின் கம்ப்யூட்டரில் இருக்கிறது. செலவழித்த ராத்திரிகள்தான் நம்முடையவை.

வைத்தியர்கள் சொல்வது

உலக சுகாதார ஸ்தாபனம் 2019 மே மாதத்தில் ஏற்றுக்கொண்ட புதிய வியாதிப் பட்டியலில் 'விளையாட்டுக் கோளாறு' என்பதையும் சேர்த்தது. அது 2022 ஜனவரி முதல் அமலுக்கு வந்தது. பயந்துவிடாதீர்கள், ஆடுகிறவர்கள் எல்லோரும் நோயாளிகள் என்று அதற்கு அர்த்தமில்லை. மூன்று அடையாளங்கள் சொல்லியிருக்கிறார்கள். ஒன்று, எப்போது தொடங்குவது, எப்போது நிறுத்துவது என்பது அவர் கையில் இல்லாமல் போவது. இரண்டு, மற்ற வேலைகள், மற்ற ஆசைகள் எல்லாவற்றுக்கும் மேலாக ஆட்டம் முதலிடத்துக்கு வந்துவிடுவது. மூன்று, கெடுதல் கண்ணெதிரே தெரிந்தும் விடாமல் தொடர்வது. இவை சாதாரணமாக ஒரு வருஷமாவது நீடித்து, படிப்போ, உத்தியோகமோ, குடும்பமோ கெட்டிருந்தால்தான் வியாதி.

சில தேசங்களில் சட்டமே போட்டுப் பார்த்தார்கள். தென் கொரியாவில் 2011-ல், பதினாறு வயதுக்கு உட்பட்டவர்கள் நள்ளிரவு முதல் காலை ஆறு மணி வரை ஆடக்கூடாது என்றார்கள். பத்து வருஷம் கழித்து, அதை எடுத்துவிடத் தீர்மானித்து, பெற்றோரும் பிள்ளைகளுமே நேரத்தைத் தீர்மானித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்கள். சீனாவில் 2021-ல், பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு வெள்ளி, சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் இரவு எட்டு முதல் ஒன்பது வரை ஒரு மணி நேரம் மட்டும் என்று கட்டளை போட்டார்கள். ஆனால் பதினெட்டு வயது தாண்டிய புருஷனுக்கு எந்தச் சர்க்கார் சட்டம் போடும்?

இன்னொரு பக்கம்

ஒரு பக்கத்தை மட்டும் சொன்னால் நியாயமாகாது. நார்வே தேசத்தில் மாட்ஸ் ஸ்டீன் என்று ஓர் இளைஞர் இருந்தார். தசைகள் நாளுக்கு நாள் வலுவிழக்கும் பிறவி வியாதி. சக்கர நாற்காலியில் இருந்தபடியே 'வோர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' என்ற ஆட்டத்தில் வெகுகாலம் கழித்தார். 2014-ல் தமது இருபத்தைந்தாவது வயதில் காலமானார். "பாவம், சிநேகிதர்களே இல்லாமல் போய்விட்டானே" என்று பெற்றோர் கலங்கிக்கொண்டிருந்தார்கள். மகன் எழுதிவந்த இணையப் பக்கத்தில் மரணச் செய்தியை அவர்கள் வெளியிட்டதும், பல தேசங்களிலிருந்து கடிதங்கள் குவிந்தன. ஆட்டத்தில் அவரோடு பழகியவர்கள், அவரிடம் தங்கள் துக்கத்தைச் சொல்லி ஆறுதல் பெற்றவர்கள் எழுதியவை! சிலர் அந்திமக் கிரியைக்கே வந்து நின்றார்கள். 2024-ல் இவரைப் பற்றி ஒரு படமும் வெளிவந்தது.

மாட்ஸுக்குக் கிடைத்தது மரக்கட்டை அல்ல, மனிதர்கள். ஆகவே உங்கள் வீட்டு ஆட்டக்காரரைப் பற்றி முடிவு கட்டுமுன் இதைப் பாருங்கள்: அந்த ராஜ்யத்தில் அவர் மனிதர்களோடு இருக்கிறாரா, மரங்களோடு இருக்கிறாரா?

நாம் என்ன செய்யலாம்?

முதலாவதாக, நடு ஆட்டத்தில் பிளக்கைப் பிடுங்காதீர்கள். சில ஆட்டங்களில் பலர் கூட்டாகப் படையெடுப்பார்கள். வார்கிராஃப்ட் 2004-ல் வந்த புதிதில் ஒரு படையெடுப்புக்கு நாற்பது பேர் வேண்டியிருந்தது. நடுவில் ஒருவன் எழுந்து போனால் மற்றவர்கள் காரியம் கெடும், அவனுக்கும் தலைகுனிவு. பேச்சையெல்லாம் ஆட்டம் தொடங்குமுன் பேசுங்கள். "எத்தனை மணிக்கு முடியும்?" என்று கேட்டு, அவன் வாயாலேயே நேரத்தைச் சொல்ல வையுங்கள்.

இரண்டாவது, வார்த்தையை மாற்றிப் பாருங்கள். இதை அந்த வார்கிராஃப்ட்காரர்களிடமிருந்தே கற்றுக்கொள்ளலாம். அதிக நேரம் ஆடுகிறவர்களுக்குக் கிடைக்கும் புள்ளியைப் பாதியாகக் குறைப்பது என்று முதலில் ஒரு விதி செய்தார்கள். சோதனை ஆட்டம் ஆடியவர்கள் கொதித்துவிட்டார்கள். உடனே பேச்சை மாற்றினார்கள்: "சத்திரத்தில் தங்கி ஓய்வெடுத்துவிட்டு வருகிறவர்களுக்குக் கொஞ்ச நேரம் இரட்டைப் புள்ளி; அப்புறம் வழக்கம் போல." கணக்கு ஒன்றுதான், ஆனால் எல்லோரும் சந்தோஷமாக ஒப்புக்கொண்டார்கள்! "பத்து மணிக்கு மேல் ஆடினால் பார்!" என்பதைவிட, "பத்து மணிக்குப் படுத்தால் ஞாயிற்றுக்கிழமை இன்னும் ஒரு மணி நேரம் ஆடிக்கொள்" என்பது எளிதாக ஏறும்.

மூன்றாவது, வீட்டில் அவன் செய்யும் அசல் காரியத்தைக் கவனித்துச் சொல்லுங்கள். ரசம் வைத்தானா, தங்கைக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தானா, போன மாதத்தைவிட இந்த மாதம் நன்றாகச் செய்தான் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். ஓர் இயந்திரம் சொல்லும் பாராட்டை நாம் சொல்லக் கூடாதா?

நான்காவது, மேலே சொன்ன மூன்று அடையாளங்களும் மாதக்கணக்கில் நீடித்தால் டாக்டரிடம் போக வெட்கப்படாதீர்கள். இந்திய சர்க்கார் 2022-ல் தொடங்கிய 'டெலி மானஸ்' மனநல உதவிக்கு 14416 என்ற எண்ணில் கூப்பிடலாம்.

கடைசியாக ஒன்று. வார்கிராஃப்ட் போன்ற சில ஆட்டங்களில் 'பிளேய்ட்' என்ற கட்டளையை எழுதினால், இந்த வேஷத்தில் இதுவரை மொத்தம் எத்தனை நாள், எத்தனை மணி செலவாகியிருக்கிறது என்று அதுவே காட்டிவிடும். மற்ற ஆட்டங்கள் பலவற்றிலும் இப்படி ஒரு கணக்கு எங்காவது இருக்கும். சாவகாசமான ஒரு சாயங்காலம் பக்கத்தில் உட்கார்ந்து, கோபிக்காமல், குத்திக்காட்டாமல், "அந்தக் கணக்கை ஒரு தடவை எனக்குக் காட்டேன்" என்று கேளுங்கள். நாள் என்று அதில் போட்டிருந்தால் இருபத்து நான்கு மணி நேர நாள் என்று அர்த்தம். தூக்கம், சாப்பாடு எல்லாம் போக நாம் விழித்திருந்து செலவழிக்கும் நாட்களில் அது ஒன்றரைக்குச் சமம். நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம். அந்த எண்ணை அவனே பார்க்கட்டும். பார்த்துவிட்டு என்ன சொன்னான் என்று எங்களுக்கும் ஒரு வரி எழுதிப் போடுங்கள்.